தை மாதத்து லண்டனில் இருவருக்கு ஒரு பகல்

கோபிசெட்டிபாளையத்தைச் சேர்ந்த, பணி ஓய்வு பெற்ற தம்பதியர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. பொங்கல் முடிந்த கையோடு இங்கிலாந்தின் லெஸ்டரில் வேலை பார்க்கும் மகனிடம் செல்கிறார்கள். மகனுக்கு விடுப்புக் கிடைக்காததால், லண்டனை ஒரே நாளில், தாங்கள் இருவர் மட்டும் ரயிலில் போய்ப் பார்த்துத் திரும்ப வேண்டும். கணவருக்கு டவர் கோட்டையையும் கோகினூர் வைரத்தையும் பார்க்க ஆசை. கணித ஆசிரியையாக இருந்த மனைவிக்கு, ஈரோட்டில் பிறந்த இராமானுஜன் லண்டனில் தங்கியிருந்த வீட்டின் வாசலையாவது பார்த்துவிட ஆசை. குளிர் தாங்குமா, ஒரு நாள் போதுமா, இரண்டு ஆசையும் நிறைவேறுமா என்று கேட்கிறார்கள்.

நிறைவேறும். லண்டனில் சில ஆண்டுகள் பணிபுரிந்துவிட்டு இப்போது கோவையில் இருப்பவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்த ஊரின் குளிர்காலப் பயணத்தைக் குளிரை வைத்துத் திட்டமிடாமல் வெளிச்சத்தை வைத்துத் திட்டமிட வேண்டும். குளிருக்குத் துணிமணி இருக்கிறது; இருட்டைச் சமாளிக்க அப்படி எதுவும் கிடையாது. ஜனவரி 20 வாக்கில் லண்டனில் காலை 8 மணிக்குச் சற்று முன்னர் கதிரவன் எழுந்து மாலை 4.30 மணிக்குச் சற்று முன்னரே மறைந்துவிடுகிறான். அதே நாளில் கோபியில் பதினொன்றரை மணி நேரப் பகல் இருக்க, அங்கே எட்டரை மணி நேரம்தான். அந்த எட்டரை மணி நேரத்திலும் வெயில் உச்சிக்கு வருவதே இல்லை. நம் ஊரில் அந்த நாளின் நண்பகலில் கதிரவன் அடிவானத்திலிருந்து 58 பாகை உயரத்தில் இருந்தால், 51.5 பாகை வட அட்சரேகையில் உள்ள லண்டனில் 18 பாகைதான். நண்பகல் பன்னிரண்டு மணிக்கும் நம் ஊர் மாலை நேரம்போல நிழல் நீண்டு கிடக்கும். ஆகவே வெளியில் நின்று பார்க்க வேண்டியவற்றையெல்லாம் 9 மணிக்கும் 4.30 மணிக்கும் நடுவில் அடக்கிவிட்டு, கூரைக்குள் பார்க்க வேண்டியதை இருட்டிய பிறகு வைத்துக்கொள்வதே சரியான ஏற்பாடு.

இந்தக் கணக்கு வைத்துப் பார்த்தால் கிழமையும் தானாகவே முடிவாகிவிடும். லண்டனின் பெரிய அருங்காட்சியகங்கள் பலவும் மாலை 5 அல்லது 6 மணிக்கு மூடிவிடுகின்றன. பிரிட்டிஷ் அருங்காட்சியகமோ வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இரவு 8.30 மணிவரை திறந்திருக்கிறது. எனவே வெள்ளிக்கிழமையில் செல்லுங்கள். இருட்டிய பின்னரும் மூன்று மணி நேரம் கையில் இருக்கும். ஞாயிறு நம்மவர்களுக்கு வசதியாகத் தோன்றினாலும் வேண்டாம். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயமும் செயின்ட் பால் பேராலயமும் அன்று வழிபாட்டுக்கு மட்டுமே திறக்கப்படுகின்றன, டவர் கோட்டையும் ஒரு மணி நேரம் தாமதமாகத் திறக்கிறது, ரயில் பாதைப் பராமரிப்பு வேலைகளும் பெரும்பாலும் வார இறுதியில்தான் நடக்கின்றன.

லெஸ்டரிலிருந்து லண்டன் செயின்ட் பேங்க்ராஸ் நிலையத்துக்கு விரைவு ரயிலில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். இருவர் சேர்ந்து பயணம் செய்வோருக்கென்று ‘டூ டுகெதர் ரயில்கார்டு’ என்று ஓராண்டுச் சலுகை அட்டை ஒன்று விற்கிறார்கள். அட்டையில் படமும் பெயரும் உள்ள இருவரும் ஒன்றாகச் சென்றால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். கணவன் மனைவியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோ அந்நாட்டில் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனையோ இல்லை. ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9.30 மணிக்கு முன் புறப்படும் பயணத்துக்கு அது செல்லாது. சலுகைக்காகக் காத்திருந்து 9.30-க்கு மேல் கிளம்பினால் லண்டனில் கால் வைக்கும்போது பதினொன்றாகிவிடும்; எட்டரை மணி நேரப் பகலில் மூன்று மணி நேரத்தை அதற்காகக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும் ‘அட்வான்ஸ்’ வகைச் சீட்டைச் சில வாரங்களுக்கு முன்பே வாங்கி, காலை 7.30 மணியை ஒட்டிய ரயிலில் போங்கள். எடின்பரோ போன்ற நீண்ட பயணம் வேறு வைத்திருந்தால் மட்டும் சலுகை அட்டையை வாங்கி, அன்றைய திரும்பும் பயணத்துக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். மகன் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் இட்லியை ரயிலிலேயே சாப்பிட்டு முடித்துவிடலாம். விடியலையும் சன்னல் வழியே பார்த்துக்கொண்டே போகலாம்.

இனி குளிர். ஜனவரியில் லண்டனின் பகல்நேர வெப்பம் சராசரியாக 8 டிகிரி செல்சியஸ், இரவில் 2 அல்லது 3 டிகிரி. பனிக்கட்டி பெய்வது அரிது. ஊட்டியிலும் ஜனவரி விடியலில் இதைவிடக் கடுமையாக உறைபனி விழுவதுண்டே என்று நீங்கள் கேட்கலாம். ஊட்டியில் பத்து மணிக்கு வெயில் ஏறியதும் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்கிறோம், லண்டனில் காலையில் இருந்த குளிர் ஏறக்குறைய அப்படியே மாலைவரை நிற்கிறது, கூடவே ஆற்றங்கரைக் காற்றும் ஈரமும் சேர்ந்துகொள்கின்றன. உடம்பு நடுங்குவதைவிடச் சோர்ந்துபோவதுதான் அங்கே பிரச்சினை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு கூரைக்குள் புகுந்து சூடாக ஒரு டீ குடித்துவிட்டு வெளியே வருவது என்று வைத்துக்கொண்டால் நாள் முழுவதும் தெம்பாக இருக்கலாம்.

துணி விஷயத்தில் பனியன் ஊருக்குப் பக்கத்திலிருந்து போகும் நாம் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: உடம்போடு ஒட்டியிருக்கும் உள்ளாடைக்கு அங்கே பருத்தி ஏற்றதல்ல. நடக்கும்போது சுரக்கும் வியர்வையைப் பருத்தி உறிஞ்சி வைத்துக்கொள்கிறது, நின்றதும் அந்த ஈரமே குளிர்கிறது. மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழையில் செய்த தெர்மல் உள்ளாடைதான் வேண்டும். திருப்பூரிலேயே நல்லதாகக் கிடைக்கும். அதன்மேல் ஒரு சட்டை, ஒரு ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே தலைமூடி வைத்த, நீர் புகாத ஜாக்கெட். பாதாள ரயிலும் அருங்காட்சியகங்களும் வெதுவெதுப்பாக இருக்கும் என்பதால் ஒரே தடிமனான கோட்டைவிட, கழற்றிக் கழற்றி மாட்டக்கூடிய அடுக்குகளே நல்லது. துணைவியார் சேலையில்தான் வருவார் என்றால், உள்ளே தெர்மல் காலாடையும் கம்பளிக் காலுறையும் ஷூவும் போட்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி கட்டிக்கொள்ளட்டும். நடைபாதை எப்போதும் ஈரமாக இருப்பதால் கொசுவத்தின் அடி நனைந்துவிட்டால் அன்று முழுவதும் காயாது. குடை பெரிதும் பயன்படாது, பாலத்தின் மேல் வீசும் காற்று அதைத் திருப்பிவிடும். லண்டனின் ஆண்டு மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர்தான். ஈரோடு மாவட்டத்தில் பெய்வது அதைவிட அதிகம். நமக்குச் சில நாட்களில் கொட்டித் தீர்ப்பதை அவர்கள் ஆண்டு முழுவதும் தூறலாக வாங்கிக்கொள்கிறார்கள்.

ஊருக்குள் சுற்றத் தனிச்சீட்டு எதுவும் வாங்க வேண்டியதில்லை. ‘கான்டாக்ட்லெஸ்’ வசதியுள்ள வங்கி அட்டையைப் பாதாள ரயில் நிலையத்தில் நுழையும்போது ஒருமுறையும் வெளியேறும்போது ஒருமுறையும் தொட்டால் போதும். பேருந்தில் ஏறும்போது மட்டும் தொட வேண்டும். ஒரு நாளில் எத்தனை முறை பயணம் செய்தாலும் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் பணம் பிடிக்க மாட்டார்கள். ஆனால் ஓர் அட்டை ஒருவருக்கு மட்டுமே என்பதால் இருவருக்கும் தனித்தனி அட்டை தேவை. நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே செயலியில் திறந்துவிட வேண்டியிருக்கும்; அதை விமானம் ஏறுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். லண்டன் பேருந்துகளில் 2014-க்குப் பிறகு ரொக்கம் வாங்குவதே இல்லை. நிலையங்களில் நகரும் படிக்கட்டுகளில் வலப்பக்கமாக நில்லுங்கள். இடப்பக்கத்தை மறித்து நின்றால் யாரும் திட்ட மாட்டார்கள், ஆனால் முதுகுக்குப் பின்னால் பெருமூச்சுகள் கேட்கும்.

செயின்ட் பேங்க்ராஸில் இறங்கியதும் கழிப்பறைக்குப் போய்விட்டுக் கிளம்புங்கள். அங்கே இலவசம், பாதாள ரயில் நிலையங்கள் பலவற்றில் கழிப்பறையே கிடையாது. 1868-இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தின் பிரம்மாண்டமான வளைவுக் கூரையை ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கீழே பாதாள ரயிலின் சர்க்கிள் பாதையில் ஏறினால், டவர் கோட்டையை ஒட்டிய டவர் ஹில் நிலையத்துக்கு மாறாமல் போகலாம். அந்தப் பயணத்தில் ஃபாரிங்டன் வரையுள்ள பகுதி, 1863-இல் நீராவி என்ஜினோடு தொடங்கப்பட்ட உலகின் முதல் பாதாள ரயில் பாதையைச் சேர்ந்தது.

டவர் கோட்டை செவ்வாய் முதல் சனி வரை காலை 9 மணிக்குத் திறந்து, குளிர்காலத்தில் மாலை 4.30-க்கு மூடப்படும். நுழைவுக் கட்டணம் ஒருவருக்கு ஏறத்தாழ 35 பவுண்டு; இருவருக்கும் சேர்த்து எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. அன்றைய நாளில் நுழைவுக்காக நீங்கள் செலவு செய்யப்போவது இது ஒன்றுதான் என்பதால் மனம் நோக வேண்டாம். உள்ளே நுழைந்ததும் வேறெங்கும் நிற்காமல் நேராக வாட்டர்லூ கட்டடத்தில் உள்ள நகைக் காட்சியகத்துக்குச் சென்றுவிடுங்கள். குளிர்கால வெள்ளியன்று 9.15-க்கு அங்கே கூட்டம் அதிகம் இராது. பதினொரு மணிக்கு வரிசை நீண்டுவிடும். மணிமுடிகள் இருக்கும் கண்ணாடிப் பேழைகளுக்கு அருகே தரையே மெல்ல நகர்ந்து நம்மை இழுத்துக்கொண்டு போகும். கூட்டம் இல்லையென்றால் சுற்றி வந்து மீண்டும் ஏறிக்கொள்ளலாம், யாரும் தடுப்பதில்லை.

கோகினூர் இன்றிருப்பது, 1937-இல் மன்னர் ஆறாம் ஜார்ஜின் முடிசூட்டு விழாவுக்காக அவர் மனைவி அரசி எலிசபெத்துக்குச் செய்யப்பட்ட முடியில். பார்த்ததும் “இவ்வளவுதானா?” என்று தோன்றும், அது உங்கள் தவறல்ல. 1849-இல் லாகூர் உடன்படிக்கையின் மூலம் பத்து வயதுச் சிறுவனாக இருந்த சீக்கிய மன்னர் துலீப் சிங்கிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனபோது அதன் எடை 186 காரட். 1851-இல் லண்டன் பொருட்காட்சியில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். ஒளிவிடவில்லை என்று கூட்டத்தார் முகம் சுளிக்க, அடுத்த ஆண்டே அதைத் திரும்பப் பட்டை தீட்டினார்கள். ஒளி கூடியது, கல்லோ 105.6 காரட்டாகக் குறைந்துபோனது. நாற்பது விழுக்காட்டுக்கு மேல் தூளாகப் போன அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு பார்த்தால்தான் அந்தக் கல்லைப் பார்ப்பதில் பொருளிருக்கிறது. 2023-இல் நடந்த முடிசூட்டு விழாவில் அரசி கமிலா கோகினூர் இல்லாத வேறொரு முடியையே அணிந்தார்.

அதன் பிறகு, 1070-களில் வெற்றியாளர் வில்லியம் கட்டத் தொடங்கிய வெள்ளைக் கோபுரம். படிகள் குறுகலாகச் சுழன்று ஏறும். முழங்கால் வலி உள்ளவர்கள் வெளியிலிருந்து பார்த்தாலே போதும். சிவப்பும் நீலமுமாக உடையணிந்த காவலர்கள் நடத்தும் வழிகாட்டி நடை சீட்டுக் கட்டணத்திலேயே அடங்கும். நகைச்சுவையாகப் பேசுவார்கள், ஆனால் வேகமான ஆங்கிலம். திறந்தவெளியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்று கேட்க வேண்டும். உங்கள் நிலையில் அதை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் கோட்டை மதிலின் மேல் நடப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். கோட்டையை விட்டு அண்டங்காக்கைகள் போய்விட்டால் அரசே கவிழ்ந்துவிடும் என்ற நம்பிக்கையால் குறைந்தது ஆறு காக்கைகளைச் சம்பளக்காரர் ஒருவரை வைத்து வளர்க்கிறார்கள். நம் ஊர்க் காக்கையைவிடப் பெரியவை, கையை நீட்ட வேண்டாம்.

11.30 மணிக்கு வெளியே வந்து, 1894-இல் திறக்கப்பட்ட டவர் பாலத்தின் மீது நடந்து தென்கரைக்குப் போங்கள். பலர் வடகரையிலேயே நின்று படமெடுத்துவிட்டு, முகமெல்லாம் இருட்டாக விழுந்துவிட்டதே என்று வருந்துகிறார்கள். கதிரவன் தெற்கு வானில் தாழ்ந்து நிற்பதால் வடகரையில் நிற்பவர் வெயிலுக்கு எதிராகப் படமெடுக்க வேண்டியிருக்கிறது. தென்கரையிலிருந்து வடக்கு நோக்கினால் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து கோட்டையின் மீது விழும். மேகமூட்டமாக இருந்தால் எங்கே நின்றாலும் ஒன்றுதான். பாலத்தின் மேல்தளக் கண்ணாடி நடைபாதைக்குத் தனிக் கட்டணம், அது தேவையில்லை.

பாலத்தைத் திரும்பக் கடந்து டவர் ஹில் நிலையத்துக்கு வந்தால், துணைவியாரின் ஆசைக்கு வழி மிக எளிதாக அமைகிறது. அங்கிருந்து டிஸ்டிரிக்ட் பாதையில் ‘விம்பிள்டன்’ என்று பலகை போட்ட ரயிலில் ஏறினால், மாறாமல் நாற்பது நிமிடம் போல உட்கார்ந்தபடியே ஈஸ்ட் புட்னிக்குப் போய்விடலாம். காலை முழுவதும் நடந்த கால்களுக்கு அது நல்ல ஓய்வாகவும் இருக்கும். ரிச்மண்ட் அல்லது ஈலிங் செல்லும் ரயில்தான் வந்தது என்றால் ஏர்ல்ஸ் கோர்ட்டில் மாறிக்கொள்ளுங்கள். ஈஸ்ட் புட்னியில் இறங்கப் படிகள் உண்டு. அங்கிருந்து அப்பர் ரிச்மண்ட் சாலையில் மேற்கு நோக்கிக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் நடந்தால் கோலினெட் சாலை. அதன் 2-ஆம் எண் வீட்டில் இராமானுஜனின் பெயர் தாங்கிய நீல நினைவுப் பலகை பதித்திருக்கிறது. அமைதியான குடியிருப்புத் தெரு. உள்ளே போய்ப் பார்க்க ஒன்றும் இல்லை, தெருவில் நின்று பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான்.

அதற்காகவா இவ்வளவு தூரம் என்று சிலர் கேட்பார்கள். கணிதம் கற்பித்தவருக்கு அந்தத் தெரு என்னவென்று தெரியும். 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்த இராமானுஜன், 1914 ஏப்ரலில் லண்டன் வந்து கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்குப் போனார். 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். போர்க்காலத்தில் சைவ உணவு கிடைப்பது அரிதாகி, உடல்நலம் கெட்டு, மருத்துவ இல்லங்களில் மாறி மாறித் தங்க நேர்ந்தது. அவற்றில் ஒன்று புட்னியில் இருந்தது. அவரைப் பார்க்க வாடகைக் காரில் வந்த கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி, வண்டியின் எண் 1729 என்றும் அது சுவையற்ற எண்ணாகத் தெரிகிறதே என்றும் சொல்ல, படுக்கையில் இருந்தபடியே இராமானுஜன் மறுத்தார்: இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு வெவ்வேறு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது. 1-இன் கனமும் 12-இன் கனமும் சேர்ந்தால் 1729. 9-இன் கனமும் 10-இன் கனமும் சேர்ந்தாலும் 1729. வகுப்பறையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கக்கூடிய அந்தக் கதை நடந்தது அந்தப் புட்னியில்தான்.

குளிரைப் பற்றிக் கேட்டிருப்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். கேம்பிரிட்ஜில் இராமானுஜனின் அறைக்குப் போன புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ், அவர் இரவெல்லாம் கோட்டும் சால்வையும் போர்த்திக்கொண்டு நடுங்குவதை அறிந்து கட்டிலைப் பார்த்திருக்கிறார். கம்பளிகள் மெத்தையின் கீழே இழுத்துச் செருகப்பட்டிருக்க, அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று தெரியாமல் இராமானுஜன் மேல்விரிப்பின் மீதே படுத்து வந்தாராம். அங்குள்ள விடுதிகள் பலவற்றில் இன்றும் அப்படித்தான் செருகி வைக்கிறார்கள்.

மதிய உணவைப் புட்னி கடைத்தெருவில் முடித்துக்கொள்ளுங்கள். பொட்டலங்களில் சைவத்தைக் குறிக்கப் பெரும்பாலும் ‘வி’ என்ற எழுத்து இருக்கும். கேக்கிலும் ஜெல்லியிலும் முட்டை அல்லது ஜெலட்டின் இருக்கலாம் என்பதால் கடுமையான சைவர்கள் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. ஒரே சாண்ட்விச்சுக்குக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஒரு விலையும் எடுத்துப்போனால் குறைந்த விலையும் வைத்திருப்பதைப் பார்ப்பீர்கள். வரி வேறுபாடுதான் காரணம். அந்தக் குளிரில் உட்காருவதற்குக் கொடுக்கும் காசு வீணல்ல. மது விற்கும் உரிமமுள்ள உணவகங்கள் கேட்டால் குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது இங்கிலாந்தில் சட்டம். தண்ணீர்ப் புட்டிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஈஸ்ட் புட்னியிலிருந்து அதே டிஸ்டிரிக்ட் பாதை திரும்ப வெஸ்ட்மின்ஸ்டருக்குக் கொண்டுவந்து சேர்க்கும். மூன்று மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்பதுதான் அன்றைய நாளில் நான் வற்புறுத்தும் ஒரே நேரக்கட்டு, புட்னியில் 2.20-க்குக் கிளம்பிவிடுங்கள். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் முகப்பையும், நாடாளுமன்றச் சதுக்கத்தில் 2015-இல் நிறுவிய காந்தி சிலையையும் பார்த்துவிட்டு, நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் மேல் ஏறி நில்லுங்கள். எதிரே தெரியும், 96 மீட்டர் உயரமுள்ள நாடாளுமன்றக் கடிகாரக் கோபுரத்துக்கு 2012 முதல் எலிசபெத் கோபுரம் என்று பெயர். பிக் பென் என்பது உள்ளே தொங்கும் 13.7 டன் எடையுள்ள மணி. முதலில் சிறு மணிகள் நான்கு அடிகளில் பண் இசைக்கும், பிறகு பெரிய மணி நான்கு முறை ஒலிக்கும். ஊசலின் மேல் பழைய பென்னி நாணயம் ஒன்றை வைத்தால் கடிகாரம் ஒரு நாளைக்கு 0.4 விநாடி வேகமாக ஓடும் என்பதால், நாணயங்களை வைத்தும் எடுத்துமே அதன் நேரத்தைச் சரிசெய்கிறார்கள். இதைத் துணைவியார் ரசிப்பார்.

மணி ஓய்ந்ததும் பாலத்தைக் கடந்து செயின்ட் தாமஸ் மருத்துவமனை இருக்கும் கீழைக்கரைக்குச் சென்று ஆற்றோர நடைபாதையில் நில்லுங்கள். நாடாளுமன்றம் ஆற்றின் மேற்கே இருக்கிறது. குளிர்காலத்தில் கதிரவன் தென்மேற்கில் மறைகிறான். வானம் தெளிவாக இருந்தால் 4.25-ஐ ஒட்டி அந்த நீண்ட கட்டடம் முழுவதும் செவ்வானத்தின் முன் கரிய நிழலுருவாகத் தெரியும், அடுத்த அரைமணிக்குள் விளக்குகள் ஏறிக் கல் பொன்னிறமாகும். கோடையில் இதைப் பார்க்க இரவு ஒன்பதரை மணிவரை காத்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் வருபவர்கள் இரண்டையும் மாலை டீக்கு முன்பே பார்த்துவிடலாம். மேகம் மூடியிருந்தால் செவ்வானத்தை இழப்பீர்கள், விளக்குகளை அல்ல.

இருட்டியதும் நாடாளுமன்றச் சதுக்கத்தில் 24-ஆம் எண் இரட்டைமாடிப் பேருந்தில் ஏறி, மேல்தளத்தில் முன்வரிசை கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள். வைட்ஹால், டிரஃபால்கர் சதுக்கம், சேரிங் கிராஸ் சாலை என்று விளக்குகளுக்கு நடுவே அது உங்களைக் கொண்டுபோகும். டாட்டன்ஹாம் கோர்ட் சாலை நிலையத்தருகே இறங்கிச் சில நிமிடம் நடந்தால் பிரிட்டிஷ் அருங்காட்சியகம். நுழைவு இலவசம். நுழைவாயிலில் பைகளைச் சோதிப்பார்கள்.

எண்பது லட்சம் பொருட்கள் உள்ள இடத்தில் இரண்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்க்க முயல்வதுதான் களைப்புக்குக் காரணம். ரொசெட்டா கல்லை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக 33-ஆம் அறைக்குப் போங்கள். சோழர் காலத்து நடராசர் அங்கே இருக்கிறார். அதை ஒட்டிய கண்ணாடிச் சுவர் அறையில் அமராவதிப் பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக்கல் புடைப்புச் சிற்பங்கள் இருக்கின்றன. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட் 1845-இல் தோண்டிச் சென்னைக்குக் கொண்டுவந்தவற்றில் ஒரு பகுதி கப்பலேறி லண்டன் போனது, மறுபகுதி எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எழும்பூரில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த அறை அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்ட வீடுபோலத் தோன்றும்.

பிறகு மேல்தளத்தில் நாணயங்களுக்கான 68-ஆம் அறையும் உரோமப் பேரரசுக்கான 70-ஆம் அறையும். கொங்கு நாட்டிலிருந்து போகிறவர்கள் இவற்றைத் தவறவிடக் கூடாது என்பது என் கருத்து. கோவைக்கு அருகே வெள்ளலூரிலும், கரூரிலும், கொங்கின் வேறு பல ஊர்களிலும் கலயம் கலயமாகக் கிடைத்த உரோம வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரு பேரரசர்கள் வெளியிட்டவை. உங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லாத, சென்னிமலைப் பக்கத்துக் கொடுமணலில் அகழ்ந்தபோது கல்மணி செய்த பட்டறைகளும் இரும்பு உருக்கிய உலைகளும் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்து கொடுமணத்து நன்கலங்களைப் பாடுகிறது. படியூர்ப் பச்சைக்கல்லை விரும்பி வாங்கிய உரோம நாட்டின் மன்னர் முகங்களை அந்தக் கண்ணாடிப் பேழைகளில் நேருக்கு நேர் பார்க்கலாம்.

7.15-க்குக் கிளம்பினால், ரஸ்ஸல் சதுக்கத்தை ஒட்டிய சோவாஸ் கல்வி நிறுவன வளாகத்தில் 1996-இல் நிறுவிய திருவள்ளுவர் சிலை வழியிலேயே இருக்கிறது. இருட்டில் படம் சரியாக வராது, ஐயனைக் கும்பிட்டுவிட்டு நகரலாம். இரவு உணவுக்கு யூஸ்டன் நிலையத்துக்குப் பின்னால் உள்ள டிரம்மண்ட் தெரு. பல ஆண்டுகளாக இந்தியச் சைவ உணவகங்கள் வரிசையாக இருக்கும் தெரு அது, தோசையும் கிடைக்கும். கோபியின் தோசையை எதிர்பார்க்காமல் சாப்பிட்டால் மனம் நிறையும். அங்கிருந்து செயின்ட் பேங்க்ராஸ் கால் மணி நேர நடை. திரும்பும் சீட்டை 9 மணிக்குப் பிந்தைய ரயிலுக்கு எடுத்தால் அவசரமில்லாமல் சாப்பிடலாம்.

இந்தத் திட்டத்தில் பக்கிங்ஹாம் அரண்மனைக் காவலர் மாற்றம் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது பொதுவாகத் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறுகளில் 11 மணிக்கு நடக்கும். இடம் பிடிக்க முன்கூட்டியே போய், அசையாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் குளிரில் நின்று, முன்னால் நிற்பவரின் தொப்பியைப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும். மழை கனத்தால் நிறுத்தியும் விடுவார்கள். 135 மீட்டர் உயர லண்டன் ஐ சக்கரத்தையும் விட்டுவிட்டேன். ஜனவரியில் பராமரிப்புக்காகச் சில நாட்கள் அதை நிறுத்துவதுண்டு, மேகம் தாழ்ந்த நாளில் மேலே போனாலும் வெண்மைதான் தெரியும். ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் துணி வாங்குவதைப் பற்றித் திருப்பூர்ப் பக்கத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திப்புவின் புலி பொம்மை இருக்கும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், தீரன் சின்னமலையின் வரலாறு அறிந்த நமக்கு ஆவலூட்டும் இடம்தான். ஆனால் அதைச் சேர்த்தால் புட்னியை விட வேண்டியிருக்கும். அடுத்த முறை போவதானால் அதன் தெற்காசியக் கூடம் அப்போது திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

வெள்ளிக்கிழமை எவ்வகையிலும் முடியாது என்றால், செவ்வாய் அல்லது வியாழனில் இதே வரிசையில் சென்று, அருங்காட்சியகத்துக்குப் பதிலாக மாலை 5 மணிக்கு வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் மாலை வழிபாட்டுக்குப் போய் உட்காருங்கள். எம்மதத்தவரும் வரலாம், கட்டணம் இல்லை, பாடகர் குழுவின் பாட்டை அந்தக் கல்மண்டபத்தில் முக்கால் மணி நேரம் கேட்கலாம். படமெடுக்க மட்டும் அனுமதியில்லை. காலையிலிருந்தே மழை விடாமல் பெய்தால் டவரைக் கைவிட வேண்டாம், நகைக் காட்சியகமும் வெள்ளைக் கோபுரமும் கூரைக்குள்தான் இருக்கின்றன. பாலத்து நடையை மட்டும் விட்டுவிட்டு நேராக டிஸ்டிரிக்ட் பாதையில் ஏறி, புட்னியில் தூறல் குறையும்வரை மதிய உணவை முதலில் முடித்துக்கொண்டு, பிறகு கோலினெட் சாலைக்கு நடங்கள்.